உறங்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டவர்

வாருங்கள், வந்து பாருங்கள். பட்டப்பகலில், கடைத்தெருவின் நடுவில், நாலு பேர் பார்க்க ஓர் அநீதி அரங்கேறிக்கொண்டிருக்கிறது. உறங்கவிடாமல் உழைப்பை உறிஞ்சிய கொடுமைகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடைகளில் முழங்கியும் இருப்பீர்கள். உழைக்கவிடாமல் ஒரு மனிதரை உறங்கவைக்கும் கொடுமையை ஜப்பானின் சிறு துறைமுக ஊரான எங்கள் ஷியோதேயில்தான் காண முடியும். இங்கே சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை, ஒரு சின்ன அதட்டல்கூட இல்லை. மடக்கு நாற்காலி ஒன்றும், இடுப்பு வளைந்த வணக்கங்கள் சிலவும் போதுமானவையாக இருந்தன.

பாதிக்கப்பட்டவர் பெயர் இனாபா கென்சாகு. ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், மீன் கடைக்குப் பக்கத்தில் மிதிவண்டிக் கடை வைத்திருப்பவர். அறுபதைக் கடந்தவர். சும்மா இருக்கத் தெரியாதவர். வாடிக்கையாளர் வராத நாளில் தன் மனைவியின் மிதிவண்டியைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவார்; மாலையில் காய்கறி வாங்கக் கிளம்பும் அந்த அம்மாளுக்கு வாசலில் சக்கரம் ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமுமாகத்தான் காட்சி தரும். அப்படிப்பட்டவரைத்தான் இந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இளைஞர்கள் ‘தூங்கும் மாமா’ என்று அழைக்கிறார்கள்.

குற்றத்தின் வேர் ஒரு பல். உண்மையிலேயே அதற்கு வேர் இருந்தது, ஆழமாக. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் இனாபா கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார். கடையை மூட மனமில்லாத மனிதர், வாசலில் நாற்காலியைப் போட்டு, ஒட்டவேண்டிய டியூபைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரை எதிர்நோக்கி அமர்ந்தார். மாத்திரை வென்றது. வாயில் வைத்த பஞ்சின் காரணமாக வாய் திறந்தபடி இருந்தது. கடை திறந்த காலம் முதல் அவர் வாசலில் உறங்கிய நாள் அது ஒன்றே. அந்த நாளில், அந்த நேரத்தில்தானா ஓர் அனிமே சித்திரத் தொடருக்கு இடம் தேடிவந்த ஓவியர்கள் எங்கள் தெருவைப் படம்பிடித்துக்கொண்டு இறங்கிவர வேண்டும்?

தொடர் வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியில், புறப்படும் படகைத் தடுப்பதற்காக நாயகி கண்ணீரோடு துறைமுகத்தை நோக்கி ஓடுகிறாள். உலகமே அவளுக்காக விம்முகிறது. அவளுக்குப் பின்னால், மிதிவண்டிக் கடை வாசலில், டியூபை மாலையாக அணிந்த ஒரு மாமா வாயைப் பிளந்து உறங்குகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதார்கள். அதன்பின் அவர்கள் ரயிலேறி வரத் தொடங்கினார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களைப் போல ஒழுங்கானவர்களை நான் கண்டதில்லை. ஒரு காகிதத் துண்டைக் கீழே போட மாட்டார்கள். மீன் கடைக்கு எதிரே, சாக்கடை மூடியின் ஓரமாக ஓரிடம் இருக்கிறது. அங்கே நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கண்ணை மூடி, கைப்பேசியில் இருக்கும் காட்சியை நீட்டிய கையில் பிடித்தால் மின்கம்பம் மின்கம்பத்தோடும் கம்பிகள் கம்பிகளோடும் பொருந்தும். மீன் பெட்டிகள் பொருந்தும். இனாபா கடைப் பலகையின் கோணல்கூடப் பொருந்தும். கண்ணாடி போன்ற தகட்டில் அச்சிட்ட நாயகியின் சிறு உருவத்தை விரல்நுனியில் பிடித்து, அவளைத் தெருவில் ஓடவும் விடுவார்கள்.

இனாபா மட்டும் பொருந்த மாட்டார். அவர் விழித்திருப்பார். கறுத்த கைகளோடு நிமிர்ந்து, “வாங்க, பஞ்சரா?” என்று மலர்ந்த முகத்தோடு கேட்பார். அவர்கள் குனிந்து வணங்கி, ஒன்றுமில்லை என்று சொல்லி, வாடிய முகத்தோடு திரும்புவார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் முகங்கள் வாடியதை எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கொமோரி. அவித்த பன் கடைக்காரர்; கடைத்தெருச் சங்கத்தின் தலைவர்; இனாபாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதால் அவரை ‘கென் சான்’ என்று சுருக்கி அழைக்கும் உரிமை பெற்றவர். மூடிய கண்களும் திறந்த வாயுமாக, வாய்க்குள் இனிப்புப் பயற்று விழுது நிறைத்த ‘தூங்கும் மாமா பன்’ அவருடைய படைப்பு. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. விருந்தினர் முகம் வாடக்கூடாது என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர். உலகத்தில் பாதித் தொல்லை இத்தகைய நல்லவர்களால்தான் விளைகிறது.

ஒரு மாலை கொமோரி மிதிவண்டிக் கடைக்கு வந்தார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மத்தி மீன் வரத்தைப் பற்றி. பிறகு இனாபாவின் இடுப்பு வலியைப் பற்றியும், நம் வயதுக்காரர்கள் மதியச் சோற்றுக்குப் பின் சற்றுச் சாய்வது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பதைப் பற்றியும். அதன்பிறகு, ஒசாகாவிலிருந்து விடியலில் கிளம்பி வரும் பிள்ளைகள் எத்தனை சோர்வாகத் திரும்புகிறார்கள் என்று பெருமூச்சு விட்டார். உறங்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல் அந்த மாலையில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இனாபாவுக்குப் புரிந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்லிடுக்கில் நீளமாகக் காற்றை இழுத்தார். “அது... கொஞ்சம் கஷ்டம்தான்...” என்றார்.

எங்கள் நாட்டில் இது மறுப்பு. கருங்கல்லில் வெட்டிய மறுப்பு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். கொமோரிக்கும் தெரியும். ஆயினும் மறுநாள் காலை இனாபா கதவைத் திறந்தபோது, படத்தில் இருப்பதைப் போலவே நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மடக்கு நாற்காலி ஒன்று வாசலில் நின்றது. அதன்மேல் ரிப்பன் கட்டிய புது டியூப். அதற்குப் பின்னால் கடைத்தெருச் சங்கம் முழுவதும் வரிசையாக நின்று இடுப்பு வளைத்து வணங்கிக்கொண்டிருந்தது. மீன் கடை ஓகினோ அம்மாள் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து வணங்கினார்.

ஒரு தெரு முழுவதும் குனிந்து நிற்கும்போது, நிமிர்ந்து நிற்கும் ஒருவன் என்ன செய்ய முடியும்? இனாபா அமர்ந்தார். சில நாள்களுக்கு மட்டும் என்றார்கள். செர்ரிப் பூ உதிர்ந்தது, அடைமழைக்காலம் வந்தது, நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றது.

நடைமுறை இதுதான். ரயிலில் வந்தவர்கள் தெருமுனை திரும்பியதும் ஓகினோ அம்மாள் இருமுவார். இனாபா கையிலிருக்கும் திருகியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, டியூபைக் கழுத்தில் மாட்டி, கண்ணை மூடி, வாயைத் திறப்பார். வந்தவர்கள் அவர் தூக்கம் கலையக்கூடாதென்று மூச்சை அடக்கி நிற்பார்கள். நன்றி சொல்லாமல் போவது முறையல்ல என்பதால், அவர் எழுந்ததும் வணங்கிவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பார்கள். அவர்கள் ஏமாற்றமின்றிப் போகட்டும் என்று அவர் எழாமல் காத்திருப்பார். இரண்டு பணிவுகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று நகரவிடாமல் அழுத்திய அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். அடுத்த ரயிலின் நேரம்தான் இருதரப்பையும் விடுவிக்கும்.

அவருக்கு வலித்தது இடுப்பில் இல்லை, காதில். மூடிய கண்ணுக்கு முன்னால் தெருவில் மிதிவண்டிகள் போகும். ஒன்றின் பிரேக் கட்டை தேய்ந்து கீச்சிடும். ஒன்றின் சங்கிலிக்கு எண்ணெய் வற்றியிருக்கும். ஒன்றின் பின்சக்கரக் கம்பி தளர்ந்து டிக், டிக் என்று அவர் நெஞ்சிலேயே தட்டிக்கொண்டு போகும். நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல்கள் தாமாகவே திருகும். உறங்குகிறவரின் விரல் கனவில் அசைவதாக எண்ணி வந்தவர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

அந்த மிதிவண்டிகள் எங்கே போயின தெரியுமா? நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய அங்காடிக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அவரை எழுப்ப மனம் வரவில்லை. மருத்துவமனைத் தாதி ஒருத்தி, சங்கிலி கழன்ற வண்டியைச் சத்தம் வரக்கூடாதென்று கையில் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் அவர் கடையைக் கடந்து போனதை இனாபா அரைக்கண்ணால் பார்த்தார். அன்று இரவு அவர் சோற்றைத் தொடவில்லை.

மனைவி ஹிசாயோவுக்குப் பொறுமை எல்லை கடந்தது.

“ஏங்க, பகல் பூரா தூங்குற மாதிரி நடிச்சுட்டு, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுக் கெடக்கிறீங்க. என் தூக்கமும் சேர்ந்து போச்சு. அந்தக் கொமோரிகிட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“எப்படிச் சொல்றது? பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க.”

“அப்போ குறட்டையும் விடுங்க. வர்றவங்களுக்கு எதுக்குக் குறை வைக்கணும்?”

முந்தின நாளே இனாபா குளியல் தொட்டிக்குள் குறட்டை விட்டுப் பழகிக்கொண்டிருந்ததை ஹிசாயோ கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தார்.

அதற்கிடையில் நாற்காலியின் காலடியில் பொருள்கள் சேரத் தொடங்கின. டப்பாக் காப்பி வைத்தார்கள். கொசுவத்திச் சுருள் வைத்தார்கள். காற்று வீசிய நாளில் ஒரு போர்வை வந்து அவர் மேல் மெல்ல விழுந்தது. ஒரு நாள் நல்ல உடை அணிந்த பெரியவர் ஒருவர், ஒட்டுத்துண்டுகள் வைக்கும் தகரப் பெட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டு, கோயிலில் செய்வதைப் போல இரண்டு முறை கைதட்டி, கைகூப்பித் தலை வணங்கி, பேரனுக்குத் தேர்வில் வெற்றி வேண்டும் என்று முணுமுணுத்தார்.

சாலையோரக் கற்சிலைகளுக்குத் தொப்பி மாட்டிக் கும்பிடுவது எங்கள் வழக்கம்; அது போதவில்லையா? உயிரும் உணர்வும் உள்ளவரை, வியர்வை சிந்தக் காத்திருப்பவரை, சாலையோரச் சிலையாக்கி அவரிடமே வரம் கேட்கத் துணிந்தோமே, இது எந்த நாகரிகம்? தேர்வில் வெற்றி தரும் ஆற்றல் இனாபாவுக்குக் கிடையாது. பேரன் பள்ளிக்குப் போகும் மிதிவண்டிக்குக் காற்றடித்துத் தரும் ஆற்றல் உண்டு. அதை ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியே போயிருக்கும், தொக்கிவா மாயுமி வராமல் இருந்திருந்தால்.

மாயுமி நகோயாவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் பெண். கூச்ச சுபாவம், கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்க மாட்டாள். ரயில் நிலையத்தில் வாடகை மிதிவண்டி எடுத்து, துறைமுகம், கலங்கரை விளக்கம், பள்ளிப் படிக்கட்டு என்று தொடரில் வந்த இடங்களையெல்லாம் பார்த்து முடித்து, எல்லாவற்றையும்விட விரும்பிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மீன் கடை வாசலுக்கு வந்தபோது, எவரோ தவறவிட்ட தூண்டில் முள் ஒன்று பின்சக்கரத்தில் ஏறியது.

புஸ்ஸென்ற ஓசையை இனாபா கேட்டார். சக்கர வளையம் கல்லில் உரசும் ஓசையையும் கேட்டார். மூடிய கண்களுக்குள் அவருக்கு ஒரு பேரொளி தோன்றியது. பஞ்சர். பின் டயர். தன் கடை வாசலிலேயே. கூப்பிடுவாள், இதோ கூப்பிடப்போகிறாள் என்று காத்திருந்தார்.

மாயுமி கூப்பிடவில்லை. நகோயா பக்கம் போகும் அடுத்த ரயிலைத் தவறவிட்டால் அவள் அன்று ஊர் போய்ச் சேர முடியாது. மறுநாள் காலை மருத்துவமனையைத் திறக்க வேண்டியவளும் அவள்தான். ஆனாலும் அவள் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த இரண்டு இளைஞர்கள் அவள் சக்கரத்தைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, உறங்குகிறவரைப் பார்த்தார்கள்.

“எழுப்பலாமா?” என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

“வேணாங்க. எவ்வளவு அசந்து தூங்குறார் பாருங்க. ரயிலைப் பிடிக்கணும், நான் தள்ளிக்கிட்டே போயிடுறேன்,” என்றாள் மாயுமி.

எதிர்க்கடையிலிருந்து கொமோரி, வேண்டாம் வேண்டாம் என்று இரு கைகளாலும் காற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. சாரலாக இல்லை, அடைமழைக்காலத்துக்கே உரிய, ஓட்டில் அறையும் மழை. நாற்காலி கூரைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனவே சங்கம் அப்படித்தான் போட்டிருந்தது. முதல் துளிகள் இனாபாவின் திறந்த வாய்க்குள்ளேயே விழுந்தன. அவர் விழுங்கினார், விழிக்கவில்லை. கடமை.

பிறகு துளிகள் நின்றன. மழை நிற்கவில்லை, அவர்மேல் விழுவது மட்டும் நின்றது. அரைக்கண் திறந்து பார்த்தார். மாயுமி தன் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்ட, ஒரு கையால் காற்றிறங்கிய வண்டியைத் தாங்கி, மறு கையால் குடையை நீட்டி, அவர் உறக்கத்தைக் காத்து நின்றாள்.

எத்தனை வணக்கங்களுக்குக் கட்டுப்பட்டவர் அவர்! ஆனால் பழுதான வண்டியோடு ஒருத்தி நனைய, பழுதுபார்க்கத் தெரிந்தவன் குடையின்கீழ் வாய் பிளந்து கிடப்பதா? அவர் கண்களைத் திறந்தார். வாயை மூடினார். எழுந்தார்.

“உள்ள வாம்மா. பின் டயர்தானே?”

மாயுமி குடையைக் கீழே போட்டுவிட்டாள். இளைஞர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஓகினோ அம்மாள் தவறான நேரத்தில் இருமினார்.

“ஐயோ, மன்னிச்சிடுங்க. எழுப்பிட்டேன். நான் சத்தமே போடலியே... மன்னிச்சிடுங்க.”

“எங்கே எழுப்பினே? நான் தூங்கவே இல்லம்மா. பூப் பூத்த காலத்திலேர்ந்து தூங்கல. அந்தப் படத்துல இருக்கே, அன்னிக்கு ஒரு நாள்தான் தூங்கினேன். அதுவும் பல்லு பிடுங்கின மாத்திரை.”

மாயுமி வணங்குவதைப் பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மாறியது.

“பல்லா? கீழ்க் கடைவாய்ப் பல்லா? இடது பக்கம்?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“வாய் திறந்திருக்குற விதத்தைப் பார்த்ததுமே சொன்னேன்! இது சும்மா தூக்கம் இல்ல, உள்ள பஞ்சு இருக்குன்னு சொன்னேன். சிநேகிதிங்க ஒருத்தியும் நம்பல. நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற மாமா மாதிரியே இருக்காரேன்னுதான் எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சுது.”

இனாபா சிரித்தார். விழித்த நிலையில் அவர் வாய் திறந்ததைப் பார்த்தவர்கள் அந்த இளைஞர்களில் அதுவரை எவரும் இல்லை.

வண்டியைக் கவிழ்த்துப் போட்டார். டயரை நெம்பி டியூபை உருவினார். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சுற்றியபோது ஓரிடத்திலிருந்து குமிழ்கள் வரிசையாக எழுந்தன. அவற்றை அவர் பார்த்த பார்வையில் நெடுநாள் பிரிந்திருந்த உறவினரைக் கண்ட கனிவு இருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார், பசை தடவினார், ஊதிக் காயவைத்தார். உள்ளே வந்து எட்டி நின்ற இளைஞர்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

கொமோரி குடையோடு ஓடிவந்தார். எதிர்த்திசையிலிருந்து விருந்தினரோடு வரும் ரயில், நிலையத்துக்குள் நுழையும் ஓசை மேட்டிலிருந்து கேட்டது.

“கென் சான், ரயில் வந்துடுச்சு. இதை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு பத்து நிமிஷம் மட்டும் உட்காரேன்.”

“முடியாது.”

எங்கள் தெருவில் அந்தச் சொல் இப்படி உடையின்றி நின்றதைக் கண்டவர் கிடையாது. கஷ்டம் என்போம், யோசிப்போம் என்போம், வானிலையைப் பொறுத்து என்போம். கொமோரி அதற்கு ஒரு போர்வை போர்த்திவிட முயன்றார்.

“கொஞ்சம் கஷ்டம்னு சொல்றே, அப்படித்தானே?”

“இல்ல. முடியாதுன்னு சொல்றேன். இந்தப் பொண்ணு ரயிலைப் பிடிக்கணும். ஒட்டு காயணும். நீ வெளிச்சத்தை மறைக்காதே.”

இப்போது பல்லிடுக்கில் காற்றை இழுத்தவர் கொமோரி.

ரயிலில் வந்தவர்கள் தெருமுனை திரும்பினார்கள். நாற்காலி காலியாக நனைந்துகொண்டிருந்தது. உள்ளே தூங்கும் மாமா விழித்துக்கொண்டு பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் திகைத்தார்கள், பிறகு அவர்களில் ஒருத்தி, வேலை செய்யும்போது படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கை கறுப்பாக இருக்கிறதே, பரவாயில்லையா என்று கேட்டார் இனாபா. கறுப்பாக இருப்பதால்தான் என்றாள் அவள். மாயுமி வண்டியேறி, மேட்டை நோக்கி, மணியை இடைவிடாமல் அடித்துக்கொண்டே போனாள். கூச்ச சுபாவம் உள்ள பெண் என்று சொன்னேனே, அவளேதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களை அழைத்திருக்க மாட்டேன்.

சங்கம் கூடியது. நெடுநேரம் காற்று இழுக்கப்பட்டது. முடிவில் எல்லாரும் மகிழும்படி ஒரு சமரசம் கண்டார்கள்: நாற்காலியில் வைக்கோல் பொம்மை ஒன்றை உறங்கவைப்பது, இனாபா உள்ளே வேலை பார்ப்பது. ஹிசாயோவே கணவரின் பழைய சட்டையை முழு மனத்தோடு கொடுத்தார். பொம்மையின் வாய் திறந்திருக்க வேண்டுமென்று கொமோரி அதில் ஒரு பன்னைச் செருகினார். காகங்கள் கொத்திக்கொண்டு போனதும் மறுபடி செருகினார்.

இன்று அந்தத் தெருவில் என்ன நடக்கிறது? வருகிறவர்கள் வைக்கோல் விழித்துவிடக் கூடாதென்று கிசுகிசுக்கிறார்கள். மழை வந்தால் வைக்கோலுக்குக் குடை பிடிக்கிறார்கள். காப்பி டப்பாக்கள் குறையவில்லை. தாதி இன்னமும் நுனிக்காலில் கடையைக் கடந்து நெடுஞ்சாலைப் பக்கம் போகிறாள். வைக்கோல் பொம்மைக்கு நாலடி பின்னால், விளக்கு வெளிச்சத்தில், துடைத்து அடுக்கிய கருவிகளுக்கு நடுவே ஒரு மனிதர் நின்றுகொண்டு, தெருவில் போகும் ஒவ்வொரு தளர்ந்த கம்பியின் ஓசைக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். நீங்களும் ஒரு நாள் வருவீர்கள். சாக்கடை மூடியின் ஓரம் நில்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், ஒரு கண்ணை மூடிக் கம்பத்தோடு கம்பத்தைப் பொருத்துங்கள். அந்த இன்பத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. அதன்பின் கைப்பேசியைப் பையில் போடுங்கள். வைக்கோலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போங்கள். நுனிக்காலை மறந்துவிடுங்கள், குதிகால் அதிர நடங்கள். நிலையத்தில் எடுத்த வாடகை வண்டியையும் கூடவே தள்ளிக்கொண்டு போங்கள். பஞ்சர் இல்லையென்றால் காற்றுக் குறைந்திருக்கும், காற்றுக் குறையவில்லையென்றால் பிரேக் கீச்சிடும், ஒன்றுமே இல்லையென்றாலும் அவர் ஏதாவது கண்டுபிடிப்பார். தயங்காதீர்கள், வணங்கிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். கேட்கவில்லையா? மணியை அடியுங்கள்.